குண்டு நகரும் தூரம்

கித்தேரியின் வல்லத்தில் டீசல் களவு போனது மூன்றாம் முறை.
மூன்றாம் முறைதான் என்னிடம் வந்தாள்.
தொண்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால்
உடைந்த போன்களோடு உட்கார்ந்திருப்பவள் நான்.
"ஆள் ஏறினா கத்தணும்.
ஐநூறுக்கு மேல கேக்கப்படாது."

ஆள் ஏறினால் வல்லம் என்ன செய்யும்?
சாயும்.
கால் வைத்த பக்கம் ஒரு விரற்கடை.
அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த துப்பு.

மை தீர்ந்த பேனாவின் கூடு.
சைக்கிள் கடை ஜெய்லானி கொடுத்த இரும்புக் குண்டு.
ஒரு முனையை மெழுகால் அடைத்தேன்.
மறு முனையில், ஒன்றையொன்று தொடாமல்,
இரண்டு குண்டூசி.
ஊசிக்கொரு வயர், இரண்டு பேட்டரி,
மாதா திருவிழாக் கடையில் வாங்கிய
பொம்மைப் போலீஸ் ஜீப்பின் சைரன்.

கொஞ்சம் சரித்துக் கட்டினால்
குண்டு மெழுகுப் பக்கம் தூங்கும்.
வல்லம் சாய்ந்தால் உருண்டு வந்து
இரண்டு ஊசிக்கும் நடுவில் உட்காரும்,
பேச்சு நின்றுபோன இரண்டு வீட்டுக்கும்
போய்வரும் குழந்தை மாதிரி.
கரண்டு தாண்டும். ஜீப் அலறும்.

மேசையில் நன்றாக வேலை செய்தது.
மேசைக்கு அலை இல்லை.

காரங்காட்டுக் கரையில் கட்டிய முதல் மணிநேரத்தில்
அறுபது முறை அலறியது.
வலையில் நண்டு பிரித்துக்கொண்டிருந்த சந்தியாகு
"பிள்ளைக்குப் பசிக்குது போல" என்றான்.

விளக்கெண்ணெய் விட்டேன், ஒரு சொட்டு.
அலை வந்து போவதற்குள்
குண்டு பாதி தூரம்கூடப் போகாது.
ஆள் நின்றால் போய்ச் சேரும்.
இரண்டு சொட்டு விட்ட அன்று
தொட்டும் தொடாத மாதிரி
எண்ணெய் நடுவில் நின்றுகொண்டது.
கடன் எழுதும் நோட்டில் குறித்து வைத்தேன்:
ஒரு சொட்டுதான்.

அப்புறம் உப்பு. ஆறே நாளில் ஊசியெல்லாம் துரு.
செத்துப்போன போன் ஒன்றின் வயிற்றிலிருந்து
பொன்முலாம் பூசிய இரண்டு கம்பி பிடுங்கினேன்.
கித்தேரியிடம் சொல்லவில்லை.
பொன் என்றால் அதையும் களவெடுப்பார்கள் என்பாள்.

கடலோரக் காவல்காரர் ஒருவர்
வல்லத்தில் எட்டிப் பார்த்தார்.
"குழாய்க்குள்ள என்ன?"
"குண்டு சார்" என்றாள் கித்தேரி.

அந்த ஒரு வார்த்தைக்கு
சாயங்காலம் வரை நான் ஸ்டேஷன் பெஞ்சில்.
எஸ்.ஐ. பேனாவை எடுத்தார், சாய்த்தார், அலறியது.
நிமிர்த்தினார், சாய்த்தார்.
நாலாவது தடவை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.
ஐந்தாவது தடவையும் சாய்த்தார்.

ஒன்பதாம் இரவு, இரண்டரை மணிக்கு, சைரன்.
கித்தேரி துடுப்போடு ஓடினாள்.
நான் டார்ச்சோடு பின்னால்.
வல்லத்தில் ஆள் இல்லை.
கடல்தான் இறங்கிப் போயிருந்தது.
வத்தம். அலையாத்தி வேர் தெரிய
சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தது வல்லம்.
ஜீப் அலறிக்கொண்டே இருந்தது,
நண்டு வளைகளின் மேல்.

முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு
கித்தேரி கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
"திருடனைச் சரியாத்தான் பிடிச்சிருக்கு.
தண்ணியைக் களவாண்டு போயிருக்கான்."

அங்கேயே, டார்ச் வெளிச்சத்தில்,
குழாயைத் திருப்பிக் கட்டச் சொன்னாள்.
படுத்திருக்கும்போது ஊமை.
தண்ணீர் ஏறி வல்லம் நிமிர்ந்தால் அலற வேண்டும்.
"வந்தா எழுப்பட்டும்.
அதுக்காக நான் ஏன் முழிச்சுக் கிடக்கணும்?"

டீசல் கேனை இப்போது
வீட்டுக்கே தூக்கிப் போகிறாள்.
முதலிலேயே அதைச் செய்திருக்கலாம் என்று
எனக்கும் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

நேற்று விடியுமுன் கேட்டது.
தூக்கத்திலேயே எனக்குத் தெரிந்தது:
எண்ணெய்க்குள் ஊர்ந்து ஊர்ந்து
குண்டு போய்ச் சேர்ந்துவிட்டது,
கடல் ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது.
பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.
நான் புரண்டு படுத்தேன்.

ஐநூறில் இன்னும் இருநூறு பாக்கி.