பன்னிரண்டு அங்குல வாய்

மார்ச் கடைசி. விஸ்கான்சினில்
பனி இன்னும் முழுசாகப் போகவில்லை.
வியாபாரியின் முற்றத்தில் சேறும் டீசலும் கலந்து
மயில்கழுத்து நிறத்தில் ஒரு குட்டை.
அதன் கரையில் மரம் அரைக்கும் எந்திரங்கள் மூன்று,
வாயைத் திறந்தபடி.

சும்மா வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
நாற்பதாயிரம் டாலர் மாட்டை
ஈறு வரைக்கும் பார்க்கலாம் என்று
மேல்மூடியைத் திறக்கச் சொன்னேன்.
டிரம்மில் நான்கு கத்திகள்,
ஒரு விளிம்பு மழுங்கினால் புரட்டிப் போடலாம்.
கன்னர் நகத்தை வைத்துப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவன் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்ல சேதி.

"பதினைந்து அங்குலம், அம்மணி"
என்றார் வாண்டர்ஸ்டீன்,
பெரியதன் முதுகைத் தட்டி.
"ஒரே ஒரு கை மாறியது. புதுசு மாதிரி.
செத்த ஆஷ் மரத்தைத் துண்டு போடவே வேண்டாம்,
அப்படியே கொடுங்கள்,
மென்று துப்பிவிடும்."

பொய்யில்லை.
பச்சை வண்டு தின்றுபோன இந்தக் கவுண்டியில்
தெருவுக்குப் பத்துப் பிணம் நிற்கிறது,
பட்டை உரிந்து, தொட்டால் ஒடியும் பதத்தில்.
இனி அவற்றில் ஏற மாட்டேனென்று
ஓரின் போன கோடையிலேயே கயிற்றைக் கழற்றிவிட்டான்.
கிரேன் வைத்து இறக்குகிறோம்.
இறக்கியது மலையாகக் குவிகிறது.
பெரிய வாய் வேண்டும்தான்.

கணக்குப் போட்டேன்.
மணிக்கு எத்தனை காலன்,
எத்தனை நடை மிச்சம்,
எங்கள் லாரி இழுக்குமா
(ஏற்றத்தில் முனகும்).
லாரியைத் தவிர எல்லாம்
பெரியதன் பக்கமே பேசியது.

கணக்கில் ஏறாத ஒன்று
லாரி இருக்கைக்குப் பின்னால் தொங்குகிறது:
ஒரு கை மட்டும் உள்ள ஆரஞ்சு ஜாக்கெட்.

டிசம்பரில் ஒரு பாக்ஸ் எல்டர் கிளை,
உள்ளே போகிற அவசரத்தில்
தியோடோராவின் மணிக்கட்டுத் துணியைக்
கவட்டையில் கோத்துக்கொண்டு போனது.
தையல் பழசு. பிரிந்தது.
துணி போயிற்று, கை நின்றது.

அந்த எந்திரத்திலும் நிறுத்துக்கம்பி இருந்தது.
சுள்ளி உரசினாலும் நின்று நின்று
வேலை கெடுகிறதென்று
கட்டுக்கம்பி சுற்றி அதை முடக்கியிருந்தேன்.
நான்தான்.
அவளுக்கும் தெரியும்.
அதன் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை
சம்பளக் காசோலை நீட்டினேன்,
ஒவ்வொரு தடவையும் 'தேங்க்ஸ்' என்று வாங்கிக்கொண்டாள்.
திட்டியிருந்தால் தேவலை.

"தியோ, பெரியதன் முன்னால் போய் நில்.
கால் வழுக்கிற்று என்று வைத்துக்கொள்."
ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவானவள்.
கம்பி அவள் தலைக்கு மேல்.
எம்பினாள். எட்டியது.
"பழகிவிடும்" என்றார் வாண்டர்ஸ்டீன்.
எதற்குப் பழகும் என்று நான் கேட்கவில்லை.

ஓரத்தில் சின்னது,
பன்னிரண்டு அங்குலம், மூவாயிரம் அதிகம்.
தட்டின் கீழ்விளிம்பு நெடுக இன்னொரு கம்பி.
எஞ்சினைப் போடச் சொன்னேன்.
தியோ இரண்டு கையையும்
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
அதை நான் சொல்லவில்லை, அவளாகவே.
தொடையால் சாய்ந்தாள்.

இழுவை உருளைகள் நின்றன.
டிரம் மட்டும் உள்ளே
வெறும் காற்றை அரைத்துக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.
தடித்த அடிமரங்களை விறகுக்கு விற்றுக்கொள்ளலாம்.
மலிவாகக் கேட்பான்கள், கேட்கட்டும்.
வாண்டர்ஸ்டீன் ஒரு தொப்பி இலவசமாகத் தந்தார்.
தொப்பியை மட்டும் ஒருவரும் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலை,
தேவாலயத்துக்குப் பின்னால், லைலாக் புதர்.
ஒரு சுள்ளி உரசியது. நின்றது.
பின்னால் இழுத்து, மறுபடி தள்ளினோம். நின்றது.
கன்னர் தொப்பியைக் கழற்றி,
கருவிப் பெட்டியைப் பார்த்தான்,
கட்டுக்கம்பிச் சுருள் கிடக்கும் மூலையை.
பிறகு என்னை.

தியோ ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தாள்,
எங்கள் இருவரையும் பார்க்காமல்.

நாலாவது தடவையும் நின்றது.
நின்று தொலையட்டும்.