எழுதிக்கொள்

இரண்டு பேர் செய்கிற வேலை இது.
ஒருவன் உள்ளே போவான்.
மற்றவன் நூற்றிருபது மீட்டர் தள்ளி
இடிந்த ரொட்டிக்கடைச் சுவருக்குப் பின்னால் குந்தி
வயர்லெஸில் கேட்பதையெல்லாம் எழுதுவான்.
பென்சிலில்தான்.
மோசுல் வெயிலில் பேனா ஒரு மணிநேரம் தாங்காது.

உள்ளே போகிறவன் ஒவ்வோர் அசைவையும்
செய்வதற்கு முன்னால் சொல்லவேண்டும்.
செய்த பிறகு சொல்ல
ஆள் இல்லாமல் போகலாம்.
அடுத்து வருகிறவனுக்கு
எதைச் செய்யக்கூடாது என்று தெரியவேண்டுமே.

ஏழு மாதம் ராஃபித் பேசினான், நான் எழுதினேன்.
சமாவா உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவன்,
பேச்சில் கஞ்சன்.
"குழந்தை சைக்கிள். சீட்டுக்கு அடியில் கம்பி. தொடவில்லை."
"மாடிப்படி. ஐந்தாவது படியில் மட்டும் புது சிமெண்ட்."
"ஃபிரிட்ஜ். மூடியிருக்கிறது. மூடியே இருக்கட்டும்."

தெருமுனைக் கயிற்றுக்கு அப்பால்
வீட்டுக்காரர்கள் நிற்பார்கள்,
கதவே இல்லாத வீடுகளின் சாவிகளோடு.
ஒருத்தி தினமும் தையல் மெஷினைக் கேட்பாள்.
இன்னும் அந்த அறைக்குப் போகவில்லை தாயே,
தினமும் இதே பதில்.

பதினோராவது வீடு.
குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்:

10.42 சமையலறை. தரையெல்லாம் பருப்பு.
10.47 அடுப்புக்கு அடியில் தகடு. இரண்டு கம்பி. ஒன்று மஞ்சள்.
10.49 மஞ்சள் இல்லை. பச்சை. அடித்து எழுது.
10.50 பொறு.

அதற்குக் கீழே
பென்சில் முனை ஒடிந்த கோடு.

அந்தப் பச்சையால்
பக்கத்துத் தெருவில் நான்கு அடுப்புகளை
ஆளுக்குச் சேதமில்லாமல் எடுத்தார்கள்.
மேலிடத்து அறிக்கையில் இருக்கிறது.
அவன் பெயர் அடிக்குறிப்பில்.

சமாவாவுக்குப் போகும் லாரியில்
ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன்.
உன் பெயரைத்தான் சொன்னான், சுந்துஸ்.
திவானியா தாண்டும்வரை
வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

தேநீர் வைத்துவிட்டு அவள் கேட்டாள்,
கடைசியாக என்ன சொன்னார்?
கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.
நீட்டிய கையில் பொய்யை எப்படி வைப்பது?
குறிப்பேட்டைக் கொடுத்தேன்.

விரல் வரிவரியாக இறங்கியது.
மஞ்சளை அடித்த இடத்தில் நின்றது.
"சந்தைக்கணக்கும் இப்படித்தான்,
ஒரு தடவையில் சரியாகச் சொன்னதே இல்லை."
சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

பிறகு கடைசி வரி.
"பொறு என்றது யாரிடம்?
உங்களிடமா, அதனிடமா?"

தெரியாது என்றேன்.
இன்றைக்கும் தெரியாது.
பால் பொங்கும்போது நான் அவசரப்பட்டால்
என்னிடமும் அதையேதான் சொல்வார் என்றாள்.
அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளட்டுமா என்றாள்.
ராணுவச் சொத்து, முடியாது என்று சொன்னேன்.
சொன்ன வாய் இதுதான்.

கூத் நகரத்தில் என் வீட்டில்
ஃபிரிட்ஜை மனைவிதான் திறக்கிறாள்.
அதுவரை நான் வாசல்பக்கம் நிற்பேன்.
போன விடுப்பில் மகனுடைய பந்து
சோபாவுக்கு அடியில் உருண்டது.
எடுத்துக் கொடு என்றான்.
தரையில் கன்னம் பதிய, டார்ச் அடித்து,
பதினாறு நிமிடம்.
பந்து கையில் வந்தபோது
அவன் வேறு அறையில் தூங்கியிருந்தான்.
அதன் பிறகு எதுவும் என்னிடம் கேட்பதில்லை,
குடையின் ஒடிந்த கம்பியால் தானே எடுத்துக்கொள்கிறான்.

இப்போது உள்ளே போகிறவன் நான்.
சுவருக்குப் பின்னால் லைத், வயது பத்தொன்பது,
எழுத்துப்பிழை விடுகிறவன்.
தையல் மெஷின்காரி கயிற்றருகே அதே இடத்தில்.
இன்றைக்கு அவள் அறை.

"மெஷின் இருக்கிறது.
ஊசிக்குக் கீழே பாதி தைத்த சட்டைக்கை, சின்ன அளவு.
நூல் நீலம்.
மிதிகட்டைக்கு அடியில் பார்க்கப் போகிறேன்.
எழுதினாயா?"

நூல் எதற்கு என்று கேட்கிறான்.

எழுதிக்கொள், லைத்.
நீலம்.
அடிக்காதே, நீலம்தான்.