இரண்டாம் கேள்வி

மல்லாவி ஆஸ்பத்திரி. வியாழக்கிழமை கிளினிக்.
மின்விசிறிக்குக் கீழே எனக்கொரு மேசை,
ஐஸ் பெட்டி, ஊசிகள், பஞ்சு,
கொழும்பில் அச்சடித்து வந்த படிவங்கள்.

முதற் கேள்வி: நோயின் கடுமை.
இலேசு, நடுத்தரம், கடுமை. ஒன்றுக்குப் புள்ளடி.
இரண்டாம் கேள்வி:
கடந்த நான்கு கிழமையும் நோய் கட்டுப்பாட்டில் இருந்ததா?

யோகமலர் படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.
"ஆற்றை கட்டுப்பாட்டிலை?"

பகிடிதான். இருவரும் சிரிக்கவில்லை.
அந்தச் சொல் ஒரு காலம் இங்கே
மண்ணுக்கு நடுவே கோடு கீறியது.
கோட்டுக்கு இந்தப் பக்கம் பனடோல் கூட
எண்ணித்தான் வந்தது.
என் படிவத்தில் அதற்கு
இரவில் எத்தனை தரம் எழும்பினாள்,
நீல இன்ஹேலர் எத்தனை தரம்,
பள்ளிக்கூடம் போகாத நாள் எத்தனை
என்பது மட்டும்தான் அர்த்தம்.

அவள் மகள் திகழ்மதி, எட்டு வயது.
கடுமை என்கிறது கிளினிக் காட்.
ஆனால் காலை இரண்டு, மாலை இரண்டு,
ஸ்பேசரில் பத்து மூச்சு, பிறகு வாய் கொப்பளிப்பு.
கலண்டரில் தாய் போட்ட சரிகளில்
ஒரு நாள் விடுபடவில்லை.
சோளகம் ஊரையே புழுதியாய்த் தூக்கியபோதும்
பிள்ளைக்கு முட்டு எடுக்கவில்லை.

பக்கத்து வாங்கில் கீர்த்திகன்.
இலேசு என்றுதான் எழுதியிருக்கிறது.
மாதம் ஒருமுறை, நடுச்சாமத்தில்,
ஓட்டோவில் உதடு வெளிறி வருவான்.
வீட்டுக்குப் பின்னால் அரிசி ஆலை.
இன்ஹேலரைத் தகப்பன் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்,
பழகிவிடுமாம்.

கடுமை ஒன்று. கட்டுப்பாடு வேறொன்று.
இரத்தத்துக்குள்ளும் அப்படித்தான் இருக்கலாமாம்:
கடுமையோடு கூடிக் குறைகிற மரபணுக்கள் ஒரு பட்டியல்,
கட்டுப்பாடு குலையும்போது குரல் மாறுகிறவை இன்னொன்று,
இரண்டிலும் வருகிற பெயர்கள் கொஞ்சம்.
பயிற்சி வகுப்பில் டொக்டர் சொன்னார்.
எழுதிக்கொண்டேன். விளங்கியதா தெரியாது.

யோகமலருக்குச் சொல்லப் பார்த்தேன்.
மரபணு கருவிலேயே வந்தது, அப்படியே இருக்கும்.
எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான்
ஆளுக்காள், நாளுக்கு நாள் வேறுபடும்.
அதைத்தான் அளக்கப் போகிறார்கள்.

வவுனிக்குளத்துக்குக் கீழே இரண்டேக்கர் செய்கிறவள்.
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப குளத்திலை பிழையில்லை.
எந்தத் துருசு, எத்தினை அங்குலம் எண்டதுதான் கதை."
ஓம் என்றேன்.
"துருசை ஆர் திறக்கிறது?"

புழுதி. வைக்கோல் எரிக்கிற புகை. மருந்து.
ஒருவேளை, பிள்ளை பிறக்க வெகுகாலம் முன்பு
தாய் சுவாசித்த ஏதோவொன்று.
யாருக்கும் நிச்சயமில்லை என்பதால்
கடைசியை நான் சொல்லவில்லை.
அந்த வருடம் அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும்.
எந்தப் புகைக்குள்ளால் நடந்து வந்தாள் என்று
கேட்கப் படிவத்தில் இடமுமில்லை.

இரண்டரை மில்லிலீற்றர். திகழ்மதி பார்த்துக்கொண்டே இருந்தாள்,
முகம் திருப்பவில்லை.
குழாயைப் பத்துத் தரம் கவிழ்த்து நிமிர்த்தினேன்.
குலுக்கக் கூடாது.
இப்போது உடம்பு என்ன சொல்கிறதோ
அந்தச் சொல் அப்படியே உறைய வேண்டும்.

இரவு பஸ்ஸில் பெட்டி போகும்.
திறக்க வேண்டாம் என்று மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறேன்.
ஓமந்தையில் இப்போது யாரும் இறங்கச் சொல்வதில்லை.
அந்த இடத்தில் நான் இன்னமும்
நித்திரையிலிருந்து எழும்பிவிடுகிறேன்.

இரண்டாம் கேள்விக்கு ஆம் என்று புள்ளடி.
அவள் கேட்டதை ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
கணினியில் ஏற்றும்போது ஓரங்கள் ஏறாது.

ஊதிப் பார்க்கும் மீற்றரைத் திகழ்மதி இன்னும் தரவில்லை.
ஊதினாள். முள் இருநூற்றுப் பத்தில் நின்றது.
"காணாது," என்றாள். "இன்னொருக்கா."