இருக்கைப்பட்டையின் கடைசி முழம்

மலைக்குள் இருக்கும் மருந்தகத்துக்கு என்னை மாற்றினார்கள்.
ருஸ்தாக்கிலிருந்து முப்பத்தோரு கிலோமீட்டர்.
பதினேழு வரை தார்.
அதற்கப்புறம் கல்
தன் இஷ்டத்துக்குப் படுத்துக் கிடக்கிறது.

என் சின்னக் கார் முதல் வாரமே
வயிற்றை ஒரு பாறைக்குக் கொடுத்துவிட்டு
எண்ணெய் ஒழுக நின்றது.
பிறகு மூன்று மாதம்
தண்ணீர் லாரி, தீவனம் ஏற்றும் பிக்கப்,
டீச்சர் பத்ரியாவின் பின்சீட்டு.
ஓசிப் பயணத்துக்கும் கட்டணம் உண்டு:
சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை,
சொல்லி முடித்த இடத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

கையில் ஆயிரத்து நானூறு ரியால்,
சீட்டு எடுத்ததையும் சேர்த்து.
சனிக்கிழமை
சனையாவில் மெக்கானிக் ஜெஸ்டஸைக் கூட்டிக்கொண்டு போனேன்.
குளச்சல்காரன். பேச்சுக்குக் கூலி கேட்பவன் போல
கொஞ்சமாகவே பேசுவான்.

முதலில் ஒரு பிராடோ.
வெள்ளை. கண் கூசுகிறது.
விலை என் பைக்கு அளவெடுத்துத் தைத்தது.
நான் ஏற்கெனவே அதில் ஏறி
மலை வளைவுகளில் போய்க்கொண்டிருந்தேன்.
ஜெஸ்டஸ் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.
ஓட்டுநர் பக்கத்து இருக்கைப்பட்டையைப் பிடித்து
ஜவுளிக்கடையில் அளப்பதுபோல இழுத்தான்.
இழுத்தான்.
இனி இல்லை என்று அது சொல்லும்வரை இழுத்தான்.
கடைசி முழத்தில்
காய்ந்த சேற்றின் பழுப்புக் கோடு.

"புயல் வெள்ளத்துல நின்னது அக்கா."

கம்பளத்தைத் தூக்கி மூக்கை வைத்தேன்.
மேலே அத்தர்.
அடியில் குளம்.

அடுத்தது பேட்ரோல்.
மணல்மேட்டில் குதித்து விளையாடிய பையனுடையது.
சட்டத்தில் இரண்டு இடத்தில் ஒட்டு,
ஒட்டின்மேல் புதுக் கறுப்புப் பெயின்ட்.
அதன் தாகத்துக்கு
என் சம்பளம் ஒரு மடக்கு.

மூன்றாவது
யாரும் திரும்பிப் பார்க்காத மூலையில்,
பேரீச்சங்கொட்டை நிறத்தில், பழைய பஜேரோ.
தேனீ வளர்க்கும் சுவைலிமின் வண்டி.
பெட்டிகள் வைக்கப் பின்சீட்டைக் கழற்றியிருந்தார்.
முல்கியாவை நீட்டுவதற்கு முன்பே
குறைகளை விரல்விட்டு எண்ணினார்:
இடப்பக்கப் பின்கதவு வெளியிலிருந்துதான் திறக்கும்.
நிற்கும்போது ஏசி வேலை செய்யாது.
ரிவர்ஸ் முனகும், போகும்.
பெட்ரோல் முள் பொய் சொல்லும்,
பாதி என்றால் கால்.

ஜெஸ்டஸ் அடியில் மல்லாந்து படுத்தான்.
வெளியே நீட்டிய செருப்புக் கால்களையே
பரீட்சை முடிவுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
துரு தோலில்தான், எலும்பில் இல்லை என்றான்.
சரளைமேட்டுக்குக் கொண்டுபோய்ச்
சின்ன நெம்புகோலைத் தள்ளினேன்.
ஒரு முரட்டு 'டக்'.
நான்கு சக்கரமும்
ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்
தரையைப் பிடித்தன.

ஆயிரத்து ஐந்நூறு என்றார்.
ஆயிரத்து நூறு என்றேன்.
அல்லாஹ்வைச் சாட்சிக்கு அழைத்தார்.
நான் யாரையும் அழைக்கவில்லை,
பணத்தை எண்ணத் தொடங்கினேன்.
ஆயிரத்து முந்நூறில் இருவரும் களைத்துப்போனோம்.
சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்,
ஏசித் துவாரத்திலிருந்து எப்போதாவது ஒரு தேனீ வரும்,
அடிக்காதே, கண்ணாடியை இறக்கு.

நவம்பரில் முதல் மழை.
வாதியில் செந்நிற நீர்
சாலையின் குறுக்கே உருண்டு போகிறது.
பின்னால் இன்சுலின் பெட்டி,
பனிக்கட்டி இன்னும் நான்கு மணி நேரம் தாங்கும்.
எனக்குப் பின்னால் ஐந்து வண்டிகள்,
ஒருவன் ஹார்ன் அடிக்கிறான்:
உன்னிடம்தான் நாலு சக்கரமும் இழுக்குமே!

நெம்புகோலில் கை வைத்தேன்.
பிறகு அதை விட்டுவிட்டு
பட்டையைக் கழற்றி
முழுவதும் இழுத்துப் பார்த்தேன்.
கடைசி முழம் சுத்தம்.
லேசாக மெழுகு வாசம்.

கைப்பிரேக்கை இழுத்தேன்.
வண்டி நின்றதால் ஏசியும் நின்றது.
துவாரத்திலிருந்து ஒன்று
சோம்பலாக வெளியே வந்து
ஸ்டியரிங்மேல் உட்கார்ந்தது.
கண்ணாடியை இறக்கினேன். மழை நின்றிருந்தது, நீர் நிற்கவில்லை.

முள் பாதி காட்டியது.
கால் என்று எடுத்துக்கொண்டு
இன்ஜினை அணைத்தேன்.