வழியில் கிடக்கும் கல்லுக்கு எந்தக் கயிறு

மஞ்சள் கயிறு உலோகத்துக்கு.
சாம்பல் நிறம் கல்லுக்கு.
ஆட்களுக்குச் சாயம் ஏற்றாத லாமா ரோமம்.
முடிச்சு இருந்தால் எண், இல்லாத இடம் சுழி.
எங்களிடம் கல் உண்டு, கல்மேல் எழுத்து இல்லை.
ஒல்யாந்தாய்தம்போவின் கணக்கெல்லாம்
என் இடது தோளில் தொங்குகிறது.

ஆற்றுக்கு அக்கரை, காச்சிகாட்டாச் சரிவில்
வெட்டி எடுத்த கல்லை ஒரு கயிற்றில் முடிவேன்.
இக்கரை ஏறிச் சுவரில் அமர்ந்தபின்
அங்கே அவிழ்த்து வேறு கயிற்றில் முடிவேன்.
நடுவழி நாட்களுக்குக் கயிறு கிடையாது.
தேவைப்பட்டதில்லை.

அமர்வதென்றால் லேசில் அமராது.
பவ்கார் மேல்கல்லைக் கீழ்க்கல்மேல் இறக்குவான்,
தூக்கச் சொல்வான், குனிந்து பார்ப்பான்.
தூள் நசுங்கி வெளுத்த இடத்தை மட்டும்
ஆற்றுக் கூழாங்கல்லால் கொத்துவான்.
மறுபடி இறக்குவான்.
ஒரு கல்லுக்கு நான் எண்ணியது அறுபத்துமூன்று தடவை.
"கல்லிடம் கல் சம்மதம் கேட்கிறது" என்றேன்.
"சம்மதமாவது! என் இடுப்பைக் கேள்" என்றான்.

உலைகள் மேட்டின் முகட்டில்,
உடம்பெங்கும் துளையிட்ட களிமண் பானைகள்.
காற்று வந்தால்தான் வேலை.
கார்வா உள்ளங்கையை நனைத்துக் காற்றைத் தேடுவாள்.
லாமாச் சாணம் செக்கச் சிவந்ததும்
தெற்கிலிருந்து வந்த வெள்ளீயத்தைச் செம்போடு சேர்த்து
மூசையோடு சுவருக்கு ஓடிவருவாள்.
அடுத்தடுத்த இரு கற்களிலும் பாதிப் பாதியாக
முனை அகன்று இடை சிறுத்த பள்ளம்.
ஊற்றுவாள். ஆறும்போது வெண்கலம் சுருங்கும்,
சுருங்கும்போது இரண்டு கல்லையும் இழுத்துக்கொள்ளும்.
அதன்மேல் இன்னொரு கல் ஏறிவிடும்.
மஞ்சள் கயிற்றில் ஒன்று.
பிறகு யாரும் பார்க்கப்போவதில்லை.

விதைப்புக்கு முந்தைய மாதம்
புல்வடம் அறுந்து ஒரு கல் வழுக்கியது.
அடியில் ஈரக் களிமண் அப்பிக்கொண்டிருந்தவன் யாவ்ரி.
கார்வாவின் புருஷன்.
கல் பாதையிலேயே நின்றது. நகர மறுத்தது.
மூன்றாம் நாள் மேலாள் ரிமாச்சி
"விடுங்கள், வேறு கல் எடுங்கள்" என்றார்.
பிறகு என்னைப் பார்த்தார்:
"காச்சிகாட்டாக் கணக்கில் இருக்கிறதா?"
"அங்கிருந்து கிளம்பிவிட்டது."
"சுவரில்?"
"வந்து சேரவில்லை."
கோகா இலையை மென்றபடி போய்விட்டார்.

ஆட்களின் கயிறு சுலபமாக இருந்தது.
நூற்றெண்பத்தொன்று, நூற்றெண்பது.
தனி ஒன்றின் முடிச்சு மட்டும்
தன்னைத்தானே சுற்றிக்கொண்டு இறுகும்.
பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

அன்றிரவு கார்வா வந்தாள். அழவில்லை.
"அவர் எது, காட்டு" என்றாள்.
காட்டினேன்.
வெறுங்கயிற்றைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போய்
ஓரிடத்தில் நிறுத்தினாள்.
"இங்கே கசங்கியிருக்கிறது."
"நாளானால் நிமிர்ந்துவிடும்" என்றேன்.
இன்றைக்கும் அந்தச் சொல்லை
நாக்கில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

மறுநாள் நல்ல காற்று. வேலைக்கு வந்தாள்.

மழை தொடங்கியதும் ஒரு நள்ளிரவில் பூமி குலுங்கியது.
சுவரின் கற்கள் எழும்பி அவரவர் இடத்தில்
திரும்ப உட்காரும் சத்தம் கேட்டது,
குளிரில் பல் அடிப்பது போல.
விடிந்ததும் எண்ணிக்கொண்டு போனேன்.
சுவரில் எல்லாம் சரி. உலை இரண்டு உடைசல்.
வழியில் கிடந்த கல்
ஒரு சாண் திரும்பிப் படுத்திருந்தது,
சுவரைப் பார்த்தும் அல்ல, ஆற்றைப் பார்த்தும் அல்ல.

அதன் விளிம்பில் பவ்கார்
அவசரப்பட்டு முன்கூட்டியே வெட்டிய பாதிப் பள்ளம்.
திறந்த பக்கத்தைக் களிமண்ணால் அணைகட்டி
யாரோ வெண்கலம் ஊற்றியிருந்தார்கள்.
களிமண் மழையில் கரைந்துபோயிருக்க,
உலோகத்தின் பாதி முனை
அப்பால் இல்லாத கல்லின் பக்கம் மினுங்கியது.
தொட்டேன். ஜில்லென்றிருந்தது.

போன பிறையில் மஞ்சள் கயிற்றில்
சிறு குறைவு ஒன்று வந்தது நினைவிருக்கிறது.
ரிமாச்சி கேட்டார்.
அரைக்கு முடிச்சு கிடையாது என்றேன்.
அது உண்மைதான்.