முப்பத்தோரு சீட்டுகள்

பிப்ரவரி ஞாயிறு. ஆராதனை முடிந்தும்
யாரும் கோட்டைக் கழற்றவில்லை.
வெளியே கானெட் விரிகுடா உறைந்து கிடக்கிறது,
உள்ளே எங்கள் கொதிகலனும் ஏறக்குறைய அப்படித்தான்.

அக்டோபரில் ஹெட்லி பார்டி இறந்தார்.
அவர் விட்டுப்போன வார்டன் பதவி ஒன்று,
அதற்கு மூன்று பேர்.
ஏன் தன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று
அவரவர் எழுதி வாசற்பலகையில் குத்தியிருந்தார்கள்.

எல்டன் கீன், மீன் ஆலை மேலாளராக இருந்தவர்,
ஒரு முழுப் பக்கம்:
கூரை, கடன், ஐந்தாண்டுத் திட்டம்,
கல்லறைத் தோட்டத்துக்கு வேலி.
ஊழியம் என்ற சொல் ஆறு முறை.
எண்ணுவது என் பழக்கம்.

வெர்னா ஆஸ்மண்ட் மூன்றே வரி.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
காணிக்கை எண்ணத் தெரியும்.
இரவில் தூக்கம் வருவதில்லை, ஆகவே நேரம் உண்டு.

லாய்ட் பட்ஜெல் பென்சிலில்:
கொதிகலன் அறைச் சாவி
பதினோரு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது.

மூன்று ஊர்களுக்கும் ஒரே ஆயர்.
பனியகற்றும் வண்டியின் பின்னாலேயே வந்து சேர்ந்தவர்
சுருக்கமாக ஜெபித்தார்.
ரகசிய வாக்கெடுப்பு என்றார்,
இவ்வூர் அஞ்சலகத்தில்
இருபத்தாறு ஆண்டு உட்கார்ந்திருந்தவளிடம்
எண்ணும் வேலையைக் கொடுத்துவிட்டு.

யார் தலையெழுத்தும் எனக்குப் படிக்கத் தெரியாது.
கையெழுத்து தெரியும்.
கூட எண்ண வந்த கஸ்ஸோ
கண்ணாடியை வீட்டில் மறந்திருந்தார்.
நான் பிரித்தேன், நான் வாசித்தேன்,
அவர் கோடு போட்டார்.

எல்டன் தன் பெயரை எழுதி
அடியில் இரட்டைக் கோடு இழுத்திருந்தார்.
தப்பில்லை.
தன்னை நம்பாதவன் கூரை ஏறக்கூடாது.

ஒரு சீட்டில் ஹெட்லி பார்டி.
மெலிந்து இடப்பக்கம் சாயும் எழுத்து,
நாற்பது கிறிஸ்துமஸ் அட்டைகளில் பார்த்தது.
இறந்தவருக்குப் போட்டது செல்லாது என்று சொல்ல
வாய் வரவில்லை.
தெளிவாக இல்லை என்றேன் கஸ்ஸிடம்.
தெளிவாகத்தான் இருந்தது.

பிறகு நீல மை.
குலுங்கும் வண்டியில் எழுதினாற்போல்
ஏறி இறங்கும் வரி, வெர்னாவுடையது.
எழுதியிருந்த பெயர் எல்டன் கீன்.

இரண்டாம் முறை எண்ணுவோம் என்றேன்.
எண்ணினோம்.
எல்டன் பதினான்கு. வெர்னா பதின்மூன்று.
லாய்டுக்கு மூன்று:
அவருடையது, அவர் தங்கையுடையது,
பாவம் மனிதர் என்று நான் போட்டது.

என் ஒன்று அவளுக்குப் போயிருந்தால் சமன்.
அவளுடையதே அவளுக்குப் போயிருந்தால்
பெயரே வேறு.
கணக்கு இவ்வளவுதான்,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடும்.
ஆனாலும் தாளை ஆயரிடம் நீட்டியபோது
என் கை சற்று நேரம் தாளை விடவில்லை.

வாக்கு என்றால் சீட்டில் போடுவது.
வாக்கு என்றால் கொடுத்த சொல்லும்தான்.
எதை எங்கே கொடுத்தாள் என்று
யாரிடம் கேட்பது?

அறிவித்தார்கள். கைதட்டினார்கள்,
கையுறையோடு, சத்தமில்லாமல்.
எல்டன் எழுந்து நன்றி சொல்ல ஆரம்பித்தார்.
வெர்னா அதற்குள் காப்பிப் பாத்திரத்தருகே
கோப்பைகளைக் கவிழ்ப்பிலிருந்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.
லாய்ட் சீட்டுகளை வாங்கிக்கொண்டு கீழே போனார்.
கூடம் கொஞ்சம் சூடானதுபோல் இருந்தது.
என் நினைப்பாகவும் இருக்கலாம்.

பலகையிலிருந்து தாள்களை எடுக்க
நான்தான் கடைசியாகப் போனேன்.
எல்டனின் பக்கத்தில்
வேலி என்ற வரிக்கு நேரே, ஓரத்தில்,
நகத்தால் அழுத்திய ஒரு பிறைத்தடம்.

கடல் அரிக்கும் சரிவில், கடைசி வரிசையில்,
டேரன் ஆஸ்மண்ட், பத்தொன்பது வயது.
இலையுதிர் காலத்தில் மூஸ் மான்கள்
அவ்வழியாகத்தான் இறங்கும்.

குத்தூசிகளைப் பெட்டியில் போட்டேன்.
உள்ளே வெர்னா கேட்டாள்,
சர்க்கரை எத்தனை என்று.