ஒற்றைப்படை

ரீகா நகரத்துப் பூச்சந்தை
இரவிலும் மூடுவதில்லை.
ஸ்கைத்ரீதே வாளிகளில் தண்ணீர் மாற்றுகிறாள்.
ஏப்ரல் என்று பெயர்தான்,
நடைபாதை ஓரத்தில் இன்னும் அழுக்குப் பனி.
கையுறையின் நுனிகளை வெட்டிவிட்டிருக்கிறாள்,
காம்பு எண்ண
விரல் வேண்டும்.

இங்கே பூவுக்கு முன்னால் கணக்கு.
இருப்பவர்க்கு ஒற்றைப்படை,
போனவர்க்கு இரட்டைப்படை.
மூன்று, ஐந்து, ஏழென்றால்
கேக், மெழுகுவத்தி, கன்னத்தில் முத்தம்.
நான்கும் ஆறும் ஈரமண்ணுக்கு.
நூற்றொன்று மொய் எழுதிப் பழகிய கைகளுக்கு
இதற்குமேல் விளக்க வேண்டாம்.

ஆகவே அவள் நிறம் கேட்பதில்லை.
"எதுக்கு?" என்பாள்,
எங்கே வலிக்கிறது என்று
வைத்தியர் கேட்கிற குரலில்.

பெயர்நாளா?
கூப்பிடாத விருந்தாளியெல்லாம் வருவார்கள்,
மேசையில் எதிரெதிர் முகம் தெரியணும்,
குட்டையாய் டாஃபோடில் எடு.
டியூலிப்போடு சேர்த்து வைக்காதே,
அதன் பால் பட்டால்
பக்கத்துப் பூ வதங்கும்.

சமையலறைக்கு ஹயசிந்த்தா?
ஒன்று போதும்.
இன்னொன்று வைத்தால்
சூப்பும் அதேதான் மணக்கும்.

ஓய்வுபெறும் கணக்கு டீச்சருக்கா?
பதினொன்று.
அவங்க எண்ணிப் பார்ப்பாங்க.

டியூலிப் வாங்கும்போது
இரண்டு காம்பை உரசிப் பார்,
கீச்சென்றால் இன்று பறித்தது.
வெட்டிய பிறகும் அது வளரும்,
ஜாடிக்குள்ளேயே ஒரு விரற்கடை உயர்ந்து
ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பும்.
நேராய் நிறுத்தப் பார்க்காதே.

வில்லோக் கிளைகளுக்கு மட்டும் கணக்கில்லை.
சாம்பல் பூனைக்குட்டி மொட்டுகள்.
குருத்து ஞாயிறு விடியுமுன்னே
தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்ப
அள்ளிக்கொண்டு போவார்கள்.

நாலே முக்காலுக்கு வந்தான் ராய்திஸ்,
சட்டைப் பொத்தான் ஒன்று தப்பி மாட்டியிருக்க.
ஏழு வெள்ளை டியூலிப்.
மகப்பேறு ஆஸ்பத்திரி என்றான்.
கடைசி ஏழு அவை.
மீதிச் சில்லறை வாங்காமலே ஓடினான்.

அரைமணியில் திரும்பி நின்றான்.
பேருந்துக் கதவில் சிக்கி
ஒரு தலை முறிந்திருந்தது.
அதையும் உள்ளங்கையில்
பொத்திக்கொண்டு வந்திருந்தான்.

"ஒண்ணை எடுத்துடு, அஞ்சாயிடும்" என்றாள்.

அவன் அசையவில்லை.
"இரட்டை" என்றான்.
"ஆமா, ஆறு இரட்டைதான். அதனாலதான் சொல்றேன்."
"இல்லைங்க. பிள்ளைங்க. ரெட்டைப் பிள்ளைங்க.
ஒண்ணு அம்மாகிட்ட.
ஒண்ணு கண்ணாடிப் பெட்டிக்குள்ள,
இன்னும் கண் திறக்கலை.
இன்னிக்கு எதையும்
குறைக்க வேண்டாம்."

வண்டி வர ஆறு மணியாகும்.
வெள்ளை வாளியில் தண்ணீர்தான் இருந்தது.
மஞ்சள் டாஃபோடில் மேல் கை போயிற்று,
பால் நினைவு வந்து நின்றது.
தெருவிளக்கு ஒருமுறை சிமிட்டி
மறுபடி எரிந்தது.

பிறகு அவள்
ஒரு வில்லோக் கிளையை உருவி
ஆறின் நடுவே செருகினாள்.
நூல் சுற்றும்போது
வாய்க்குள் எண்ணவில்லை.
"இது எதுக்குன்னு தெரியுமில்ல?"
தலையாட்டினான்.
ஒரு மொட்டைக் கட்டைவிரலால் தொட்டான்,
தோல் மெலிந்த எதையோ தொடுவதுபோல.
காசு நீட்டினான்.
அவள் துணியை எடுத்து
ஏற்கெனவே துடைத்த பலகையைத் துடைத்தாள்.

முறிந்த தலை
பிளாஸ்க் மூடியில் மிதந்தது,
காபி வாசத்தோடு.
விளக்குச் சூட்டுக்கு
இதழ் லேசாய் நெகிழ்ந்தது.

ஆறு பத்துக்கு வண்டி.
ஈரக் காகிதக் கட்டுகள்,
ஓட்டுநரின் இருமல், கையெழுத்து.
முதல் கட்டைப் பிரிக்கும்போதே
கறுப்புக் கோட்டுப் பெண் ஒருத்தி.
"எதுக்கு?" என்று வாயெடுத்தவள்
கோட்டைப் பார்த்துவிட்டு
எண்ணத் தொடங்கினாள்.
எட்டு.
ஒன்பதாவது விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.
உதறி
வாளியில் போட்டாள்.